கூட்டல் ஆறு

தமிழ் விக்கிப்பீடியாவில் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த எண் பழகிப்போயிருக்கும். பச்சை நிறத்தில், அடைப்புக்குறிக்குள், +6. ஒரு திருத்தத்தால் கட்டுரையின் அளவு எத்தனை பைட்டு கூடியது, குறைந்தது என்று காட்டுகிற எண் அது. +6 என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கட்டுரையில் விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்திருக்கிறார் என்று பொருள். கணினி தமிழைச் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்கிறது. 'க்' என்றால் ககரத்துக்கு மூன்று, மேலே வைக்கும் புள்ளிக்கு மூன்று, ஆக ஆறு. "அதை கண்டுபிடித்தார்" என்று இருந்தது "அதைக் கண்டுபிடித்தார்" என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

2014இல் நான் சேர்ந்து எழுதிய முதல் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் இந்த +6 வரிசை வரிசையாக நிற்கிறது. எல்லாம் ஒரே ஆளின் வேலை. நான் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். இரவு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இரத்த அணுக்களைப் பற்றியும் அவற்றை எண்ணும் முறைகளைப் பற்றியும் எழுதிப் போடுவேன். காலையில் எழுந்து பார்த்தால் +6, +6, +12, மறுபடி +6. தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது திருத்தியவர் காரணம் எழுதும் இடத்தில், "ஒற்று" என்று ஒரே ஒரு சொல். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஒரு வாரம் புத்தகம் புரட்டி, சான்று தேடி, வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதியிருக்கிறேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இந்த மனிதர் புள்ளி வைத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது.

பிறகு ஒரு நாள் என் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் எனக்குச் செய்தி விடும் பக்கத்தில், அவர் எழுதியிருந்தார். தட்டணுக்கள் (பிளேட்லெட்) பற்றிய கட்டுரையில் எண்ணும் முறையை விளக்கிய பத்தி நேரில் செய்து பார்த்தவர் எழுதியது போல இருக்கிறது, அந்தப் பத்தி வேறெங்கும் தமிழில் இல்லை என்று தொடங்கி, அப்புறம் ஒரே ஒரு விசயம் சொன்னார். ஐ, கு என்ற இரண்டு உருபுகளுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், இதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், முக்கால்வாசிப் பிழை போய்விடும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே என் கட்டுரையிலிருந்தே நான்கு எடுத்துக்காட்டு. கடைசியில் கையொப்பம், அதாவது நான்கு அலைக்குறி தட்டினால் தானே வருகிற பெயரும் நேரமும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்று வரை நேரில் பார்த்ததில்லை. ஐயா என்றுதான் எழுதுவேன். அந்தக் குறிப்பை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. என் எழுத்தில் அன்று இருந்த பிழைகள் நாற்பது வகை இருக்கும். ஒருமை பன்மை மயக்கம், ஒரு/ஓர், ரகர றகரக் குழப்பம், மேற்கோள் இடும் முறை, பகுப்பு இடாமல் விடுவது என்று எல்லாமே அவர் கண்ணில் பட்டிருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னார், எதைச் சொன்னால் நான் உடனே செய்ய முடியுமோ அதை. மீதியை அவரே பேசாமல் திருத்திக்கொண்டிருந்தார், ஒன்றிரண்டு மாதம். அந்தப் பத்தியைப் பெயர் சொல்லிப் பாராட்டியதால்தான் இவர் முழுதும் படித்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. "நல்ல கட்டுரை, தொடர்ந்து எழுதுங்கள்" என்று மட்டும் போட்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் இரத்தக் குழாய்களான தமனி, சிரை இரண்டையும் விரிவாக எழுத உட்கார்ந்தேன். நடந்தது இது. ஒரு நாள் காலை பார்க்கிறேன், என் கட்டுரை முழுக்கத் தமனி எல்லாம் நாடி ஆகியிருக்கிறது, சிரை எல்லாம் நாளம் ஆகியிருக்கிறது. செய்தவர் வேறொருவர், ஒரு விளக்கமும் இல்லை, சிறிய தொகுப்பு என்று 'சி' குறி வேறு. இதில் கவனிக்க வேண்டியது, தமனியும் நாடியும் நான்கு நான்கு குறி, ஆகவே ஒன்றை இன்னொன்றாக மாற்றினால் எண்ணில் வித்தியாசம் சுழியம். கட்டுரையின் கலைச்சொல்லே மாறிப்போயிருக்கிறது, ஆனால் நான் கண்காணிக்கும் கட்டுரைகளின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் பார்த்தால், சிரை நாளமான இடங்களுக்கு மூன்று மூன்றாக ஒரு சின்னக் கூட்டல் மட்டும், பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. நான் மீளமைத்தேன். அவர் மறுபடி மாற்றினார். நான் மறுபடி. மூன்றாவது சுற்றில் ஐயா வந்து கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு தலைப்புப் போட்டு எங்கள் இருவரையும் அழைத்தார்.

அவர் எழுதியது எனக்குப் புதிய செய்தி. இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம் என்றுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நுவரெலியாவிலும் தமிழில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் அந்தச் சொல்லைத்தான் தேர்வில் எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தமனியும் சிரையும் பாடநூலில் இல்லாத சொற்கள். மாற்றியவர் தவறாக எதையும் நினைத்துச் செய்யவில்லை, தான் படித்த சரியான சொல்லைப் போட்டிருக்கிறார். நான் பதிலுக்கு என் பக்கத்தைச் சொன்னேன். தமிழ்நாட்டில் நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கிற நாடித்துடிப்புதான் நினைவுக்கு வரும், நாளம் என்பதோ எங்கள் பாடநூலில் சுரப்பியிலிருந்து வெளியே போகிற குழாய், 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று ஒரு பாடமே இருக்கிறது, அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளை "நாளத்தில் இரத்தம் ஓடுகிறது" என்று படித்தால் குழம்பிவிடும். இது அவர்கள் இருவருக்கும் புதிது. மாற்றியவர் இரண்டு நாள் கழித்து வந்து, நீங்கள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், இரண்டும் இருக்கட்டும் என்று எழுதினார். முதல் வரியில் இரண்டு சொல்லையும் தடித்த எழுத்தில் கொடுத்து, எந்த நாட்டு வழக்கு எது என்று சொல்லி, தலைப்பாக இல்லாத சொல்லைத் தேடினாலும் இங்கேயே வரும்படி வழிமாற்று வைத்து, உள்ளே ஒரே வழக்கைச் சீராகப் பயன்படுத்துவது என்று முடிந்தது. கீழே 'ஆயிற்று' வார்ப்புரு, அதாவது வேலை முடிந்தது என்று காட்ட ஒட்டுகிற ஆயத்தக் குறிப்பு.

இப்படி எத்தனையோ உண்டு. ஆக்சிஜன் – ஒட்சிசன், திசு – இழையம், இயற்பியல் – பௌதிகவியல், டொராண்டோ – ரொறன்ரோ. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர், ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தனியாகவே எழுதியவர். அங்கே தொடக்கத்திலிருந்தே இரண்டு கரைத் தமிழும் இருக்கிறது. ஒரு நாட்டுப் பாடநூலை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்காரரின் தமிழைப் பிழை என்று திருத்துகிறவர் அங்கே அடிக்கடி வருவார், நானும் அப்படித்தான் நின்றேன். பிழைத்திருத்தம் எது, வழக்கு மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பேச்சுப் பக்கம்தான். ஒற்றைச் சேர்க்க யாரையும் கேட்க வேண்டாம். ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல்லை மாற்றுவதற்கு முன்னால் அவரிடம் இரண்டு வரி பேச வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் நான் ஒரு காரியம் செய்தேன்.

2017இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் விக்கிப்பீடியாப் பயிற்சி நடந்தது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான புதியவர்கள். கட்டுரை எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டதும் அந்த ஆண்டுதான். அண்மைய மாற்றங்கள் பக்கம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துத் திருத்துகிறவர்களோ கைவிரலில் எண்ணக்கூடிய அளவு. ஓர் ஆசிரியை தன் ஊர்க் குளத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தார். "எங்கள் ஊரில் ஒரு பெரிய குளம் உள்ளது" என்று தொடங்கியது. சான்று இல்லை, மாவட்டத்தின் பெயர்கூட இல்லை. நான் நீக்கல் வார்ப்புரு போட்டேன். அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிற அறிவிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஒட்டினேன். சான்று தேவை, கலைக்களஞ்சிய நடை தேவை, குறிப்பிடத்தக்கமை ஐயம், அதாவது தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு முக்கியமானதா என்ற கேள்வி. ஒவ்வொன்றும் வண்ணப் பெட்டி, ஓரத்தில் எச்சரிக்கைக் குறி. மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவர் கட்டுரையைத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார், கையொப்பம் இடத் தெரியாமல், பக்கத்தின் உச்சியில், வேறொருவரின் செய்திக்கு நடுவில். தான் என்ன தவறு செய்தோம் என்று தெரியவில்லை, சொன்னால் திருத்திக்கொள்கிறேன் மேடம் என்று. நான் அதை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் கட்டுரை போய்விட்டது. நான் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன், வழியும் சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய பங்களிப்புகள் பக்கத்தில் மொத்தம் ஏழு தொகுப்புகள், கடைசித் தொகுப்பு என் பக்கத்தில் கேட்ட அந்தக் கேள்வி. இப்போதும் எப்போதாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

அந்த நான்கு வரியில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. குளத்துக்கு எந்த ஆற்றிலிருந்து கால்வாய் வருகிறது, எத்தனை மடை, எந்த மடைக்கு என்ன பெயர். மடையின் பெயரை அந்த ஊர்க்காரர் அல்லாமல் வேறு யார் எழுதப் போகிறார்கள்? இப்படிப்பட்ட குளங்களைப் பற்றிப் பழைய அரசிதழ்களில் இருக்கிறது, கல்வெட்டுத் தொகுதிகளில் இருக்கிறது, பொதுப்பணித் துறையின் பழைய பட்டியலில் இருக்கிறது. "உங்கள் குளத்தின் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதைச் சான்றாகப் போடலாம், அதுவரை உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் பக்கத்தில், வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத எனக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடம் என்னிடம் இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்றே ஒரு வழிகாட்டுதல் உண்டு, எல்லாரும் அதை மேற்கோள் காட்டுவோம், நானும் காட்டியிருக்கிறேன்.

வார்ப்புருக்களை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விசமத் தொகுப்பு செய்கிறவனுக்கு உட்கார்ந்து கடிதம் எழுத முடியாது. ஆனால் பெயர் பதிந்து, தன் ஊரைப் பற்றியோ தன் பாடத்தைப் பற்றியோ எழுத வந்தவருக்கு முதல் பதில் கையால் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது இரண்டாம் கருத்து இல்லை. அவர் பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுதியதில் ஒரு வரியைக் குறிப்பிட்டு, அடுத்து செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல்லி.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் சொல்வதைக் கேட்க எதிரே ஆள் இருக்க வேண்டும். நான் சேர்வதற்கு முன்னால் நடந்த ஒன்றைப் எல்லாரும் பொதுவாகக் கூடிப் பேசுகிற ஆலமரத்தடியின் பழைய பக்கங்களில் படித்திருக்கிறேன். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றிய திட்டம் அது. கூலிக்கு மொழிபெயர்த்தவர்கள் நீளநீளமான கட்டுரைகளை ஏற்றினார்கள். நடை கரடுமுரடு, தலைப்புகளும் நம் வாசகர் தேடுகிறவை அல்ல. பேச்சுப் பக்கத்தில் பொறுமையாகக் குறிப்பு எழுதினால் பெரும்பாலும் அதைப் பார்த்துத் திருத்த யாரும் வரவில்லை. ஆனால் நம்மவர்கள் திட்டிவிட்டு விடவில்லை. நிறுவனத்தோடு பேசினார்கள், எந்தத் தலைப்பு வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள், என்னென்ன குறை என்று எடுத்துக்காட்டோடு தொகுத்து 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் கட்டுரையாகவே வாசித்தார்கள். அந்தப் பழைய உரையாடல்களைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு மரியாதை வரும். ஒவ்வொரு குறைக்கும் வரியை எடுத்துக் காட்டி, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று மாற்று வரியையும் எழுதியிருப்பார்கள்.

அதே நிலைமை இப்போது வேறு உருவில் வந்திருக்கிறது. இயந்திரம் எழுதியதை அப்படியே ஒட்டுகிறார்கள். "இது தமிழ்நாட்டில் அமைந்துள்ள ஒரு ஏரி ஆகும்" என்று ஒரு வாக்கியம். யாராவது வந்து ஒரு என்பதை ஓர் ஆக்குவார், எண் சுழியம் காட்டும், இரண்டும் ஒன்பது பைட்டு. ஆனால் அங்கே ஓர் கூட வேண்டாம், ஆகும் வேண்டாம், அமைந்துள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ள ஏரி என்றால் போதும், அதைவிட எந்த ஊரில், எந்த ஆற்றுப் படுகையில் என்று சொன்னால் இன்னும் நல்லது. இதை எழுதியவரிடம் சொன்னால், "நான் எழுதவில்லை, கருவி எழுதியது" என்கிறார். அவருக்கு என்ன சொல்லித்தருவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் செய்து பார்க்கிறேன், உங்கள் ஊரில் இந்த ஏரியைப் பற்றி உங்கள் அப்பாவிடம் எப்படிச் சொல்வீர்கள், அதை எழுதுங்கள் என்று கேட்பேன். சிலர் எழுதுகிறார்கள்.

பழகியவர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். பத்து வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவர்களுக்கு நடுவில் பாராட்டு என்பதே நின்றுபோகிறது, எதிர்ப்பு மட்டும் வாய்விட்டு வருகிறது. கிரந்த எழுத்து பற்றிய விவாதங்களைப் பார்த்திருக்கிறேன், ஸ்டாலினா இசுடாலினா என்று பக்கம் பக்கமாகப் போகும், இரண்டு பக்கமும் தமிழ் மேல் உள்ள அக்கறையில்தான் பேசுவார்கள், பேசி முடிக்கும்போது ஒரு நல்ல எழுத்தாளர் கோபித்துக்கொண்டு போயிருப்பார். 'நன்றி' பொத்தான் வந்த பிறகு இன்னும் பேச்சு குறைந்துவிட்டது என்று எனக்கு ஒரு வருத்தம். எந்தத் தொகுப்புக்கு நன்றி என்று அது காட்டும், எதற்காக நன்றி என்று காட்டாது. பதக்கம் கொடுப்பதும் அப்படித்தான், களைப்படையாப் பங்களிப்பாளர் என்று பொதுவாக ஒட்டிவிட்டுப் போவதற்கும், "நீங்கள் கம்பராமாயணக் கட்டுரையில் படலங்களைப் பிரித்துக் காட்டியது எனக்கு உதவியது" என்று ஒரு வரி சேர்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிற ஆசிய மாதம் என்ற கட்டுரைப் போட்டியில் குறைந்தது வேண்டிய 300 சொல் வராததால் ஒரு கட்டுரையை ஏற்க முடியாமல் போனால், எந்தப் பிரிவை விரித்தால் எட்டும் என்றும் நடுவர் சொல்லிவிட வேண்டும். இந்தியப் பயனரோ இலங்கைப் பயனரோ, சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே முடித்துவிடுகிறார்கள்.

ஐயா இப்போது குறைவாகத்தான் வருகிறார். கண் அறுவை செய்துகொண்டதாக எழுதியிருந்தார். போன மாதம் அவருடைய பேச்சுப் பக்கத்தில் நான் ஒரு குறிப்பு எழுதினேன். 2014இல் அவர் எனக்கு எழுதிய அந்த வரிகளின் இணைப்பைக் கொடுத்து, இதன் பிறகுதான் நான் தங்கினேன் என்று. அவருக்கு அது நினைவே இல்லை. "அப்படியா, எழுதினேனா" என்று கேட்டிருந்தார். கூடவே, தட்டணுக்கள் கட்டுரையில் அண்மையில் யாரோ ஒரு படத்தை மாற்றியிருக்கிறார்கள், படவிளக்கம் பொருந்தவில்லை, பாருங்கள் என்றும்.

போன வாரம் ஒரு புதிய பயனர் என் கட்டுரைகளில் ஒற்றுச் சேர்க்க ஆரம்பித்தார். கல்லூரி மாணவர் என்று தன் பயனர் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஒன்பது இடம். எட்டு சரி, நான் இத்தனை வருடமாகக் கவனிக்காமல் விட்டவை. ஒன்பதாவது ஒரு மருத்துவரின் வாழ்க்கைக் குறிப்பில், "தமிழ் கற்றார்" என்று நான் எழுதியிருந்ததை "தமிழ்க் கற்றார்" ஆக்கியிருந்தார். மீளமை என்ற சொல் பக்கத்திலேயே இருந்தது, ஒரு சொடுக்கு. அதைத் தொடாமல் அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போனேன். எட்டையும் பட்டியலிட்டு, இவை எனக்கே தெரியாமல் இருந்தவை என்று சொல்லி, அப்புறம் ஒன்பதாவதை எழுதினேன். தமிழ்ப் பாடம், தமிழ்க் கல்வி என்றால் மிகும். தமிழ் கற்றார் என்பதில் தமிழைக் கற்றார் என்று ஐ உருபு மறைந்து நிற்கிறது, வினையோடு சேரும்போது அங்கே மிகாது. நீங்களே பார்த்துச் சரியென்று பட்டால் மாற்றிவிடுங்கள் என்று முடித்தேன்.

இரவு பதினொரு மணிக்கு அவர் கேட்டார், அப்போ "நீர் குடித்தார்" என்பதிலும் வராதா அக்கா? வராது என்றேன். "தேநீர் கடை?" அது தேநீர்க் கடை, மிகும் என்றேன். பதில் இல்லை, தூங்கப் போய்விட்டேன். காலையில் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால் அந்த மருத்துவர் கட்டுரை மேலே நிற்கிறது, சிவப்பில், −6, தொகுப்புச் சுருக்கத்தில் "தமிழ் கற்றார்".